விண்வெளியில் ஆறலை கள்வர்: ஒரு வணிகனின் பார்வை

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அன்பர்கள், "ஐயா, வழக்கம்போல சிலம்பைப் பற்றியோ அருங்கலச்செப்பைப் பற்றியோ எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஓராண்டாக என் மனத்தைப் பிடித்து வைத்திருப்பது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. அறுபது தாண்டிய அரிசி வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் சிரிக்கலாம். என் வீட்டில் ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது.

மகாவீரர் முத்தியடைந்த நாள் என்று நாங்கள் கொண்டாடும் தீபாவளிக்கு மறுநாள் காலை. வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மகள் வயிற்றுப் பேரன் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"கப்பல் போச்சு தாத்தா. முழுச் சரக்கும் போச்சு."

எனக்குப் பகீரென்றது. "எங்கேடா?"

"உவெடாமாவில்."

அது ஆப்பிரிக்காவில் இருக்கும் துறைமுகம் என்றே முதலில் நினைத்தேன். பிறகுதான் சொன்னான். 'ஈவ் ஆன்லைன்' என்ற விளையாட்டில் அது ஒரு நட்சத்திர மண்டலமாம். ஐஸ்லாந்து நாட்டின் சிசிபி என்ற நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விளையாட்டு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள். சுரங்கம் வெட்டுவோர், கப்பல் கட்டுவோர், வாங்கி விற்போர், காவல் புரிவோர், கொள்ளையடிப்போர் என்று சகலரும் நிஜ மனிதர்கள். விண்வெளியில் வியாபாரமும் கொள்ளையும் என்ற எண்ணம் புதிதல்ல. 1984இலேயே இங்கிலாந்தில் டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரு மாணவர்கள் 'எலீட்' என்ற விளையாட்டை உண்டாக்கினார்கள். ஆனால் அதில் வழிமறிக்கும் கள்வன் வெறும் கணக்கு. எதிரே மனம் என்று ஒன்று இல்லை. ஈவில் வழிமறிப்பவன் போலந்திலோ பிரேசிலிலோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவன். ஆகவே இதை ஒரு நூலைப் போல எடுத்துக்கொண்டு அதன் அறத்தை விசாரிக்கலாம் என்று தோன்றியது. பேரனைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டதுதான் இக்கட்டுரை.

இந்த உலகில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் பாதுகாப்பு எண் உண்டு. 1.0 முதல் 0.5 வரை காவல் உள்ள நாடு. 0.4 முதல் 0.1 வரை அரைகுறைக் காவல். 0.0 என்றால் கேட்பாரில்லை. அங்கே வலிமையுள்ள கூட்டணிகள் தாங்களே அரசு. பழந்தமிழில் சொன்னால் மருதமும் முல்லையும் பாலையும் ஆகிவிட்ட கதை. காவல் உள்ள நாட்டில் ஒருவன் இன்னொருவனைத் தாக்கினால் 'கான்கார்ட்' என்ற விண்காவல் படை வந்து தாக்கியவன் கப்பலைத் தவறாமல் அழிக்கும். 1.0இல் சில விநாடிகளில் வந்துவிடும், 0.5இல் கொஞ்சம் தாமதம். அந்தத் தாமதத்தில்தான் கள்வன் பிழைக்கிறான். மலிவான சிறு கப்பல்கள் இருபது முப்பது ஒன்றுசேர்ந்து ஒரே பெரிய சரக்குக் கப்பலை அடிக்கின்றன. கான்கார்ட் வந்து சிறு கப்பல்கள் அத்தனையையும் அழிக்கிறது. ஆனால் அதற்குள் சரக்குக் கப்பல் உடைந்துவிட்டது. உடைந்ததில் ஏறக்குறைய பாதிச் சரக்கு தப்பி மிதக்கும். ஓரமாக நின்ற கூட்டாளி ஒருவன் அதை அள்ளிக்கொண்டு போகிறான். இழந்த சிறு கப்பல்களின் விலையைவிட அள்ளிய சரக்கின் விலை அதிகம் என்றால் லாபம். முன்கூட்டியே சரக்கை ஊடுருவிப் பார்த்து விலை போட்டுத்தான் அடிக்கிறார்கள். என் பேரன் மூன்று நடையில் போக வேண்டிய சரக்கை ஒரே நடையில் ஏற்றி, கப்பலைத் தானே ஓட விட்டு, சாப்பிடப் போய்விட்டான்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிலப்பதிகாரத்து வெள்ளிடை மன்றம் நினைவுக்கு வந்தது. புகார் நகரின் இந்திர விழாவைச் சொல்லும் காதையில் ஐந்து மன்றங்களில் முதலாவதாக வருவது அது. பெயரும் அளவும் குறியும் இட்ட பொதிகள் திறந்த வெளியில் அடுக்கிக் கிடக்கும். பூட்டில்லை, காவலாளி இல்லை. எவனாவது ஒரு பொதியைத் தூக்கினால் அந்தச் சுமை அவன் கழுத்தை ஒடிக்குமளவு அழுத்தும். வெளியே போகவும் விடாது. இளங்கோவடிகள் காட்டும் இந்தக் காவலையும் கான்கார்டையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். கான்கார்ட் தண்டிக்கிறது, காப்பாற்றுவதில்லை. புகாரிலோ பொதி உரியவனிடமே இருக்கிறது, திருடன் மட்டும் நடுங்குகிறான். உடைமை காக்கப்படுவதற்கும் குற்றவாளி தண்டிக்கப்படுவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது கடை வைத்தவனுக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரியும். 1984ஆம் ஆண்டு ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வந்த என் லாரியில், கிருஷ்ணகிரி தாண்டி மேட்டில் வண்டி ஊர்ந்து ஏறும்போது, பின்னால் ஏறித் தார்ப்பாய்க் கயிற்றை அறுத்து முப்பத்தெட்டு மூட்டைப் பொன்னி அரிசியைத் தள்ளிவிட்டார்கள். போலீஸ் எழுதிக்கொண்டது. அதை ஒருவாறு ஜீரணித்துவிட்டேன். ஜீரணிக்க முடியாதது இருபது நாள் கழித்து நடந்தது. வேறொரு சந்தையில் ஒரு கடையில் என் மார்க்கா போட்ட சாக்குகள் அடுக்கியிருந்தன. கேட்டால் கடைக்காரர், "நான் காசு கொடுத்து வாங்கினேன், திருடினவனைப் போய்க் கேளு" என்றார். கயிற்றை அறுத்தவன் முகம் எனக்குத் தெரியாது. அந்தக் கடைக்காரர் முகம் இன்றும் மறக்கவில்லை.

எங்கள் சமண நூல்களில் இல்லறத்தார்க்குரிய களவாமை விரதத்தைச் சொல்லும்போது, விரதத்தை முழுதும் முறிக்காமலே அதைக் கெடுக்கும் ஐந்து அதிசாரங்களைச் சொல்வார்கள். உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. திருட ஏவுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசின் தடையை மீறிக் கொள்ளுதல், அளவையில் கூட்டிக் குறைத்தல், போலியைக் கலந்து விற்றல். ஐந்தும் வியாபாரியைப் பார்த்துச் சொன்னவை என்பது கவனிக்கத்தக்கது. கன்னம் வைப்பவனுக்கு அதிசாரம் எதற்கு? அவன் விரதமே எடுக்கவில்லையே!

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஈவின் சட்டத்தை வாசித்தால் சுவாரசியமாக இருக்கிறது. மிதக்கும் சரக்கை அள்ளிய கூட்டாளி 15 நிமிடம் 'சந்தேகத்துக்குரியவன்'. அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் அவனைச் சுடலாம். 15 நிமிடம் தப்பித்துவிட்டால் வெள்ளை வேட்டி. என் சாக்கை வாங்கிய கடைக்காரரும் இப்படித்தான் வெள்ளை வேட்டியில் இருந்தார்.

பழைய சட்டத்தில் இன்னும் ஒரு வேடிக்கை. சுரங்கம் வெட்டுபவன் தாதுவைப் பெட்டியில் போட்டு வெளியே மிதக்க விடுவான். கள்வன் வந்து அந்தத் தாதுவைத் தன் பெட்டிக்கு மாற்றிவிட்டுச் சும்மா நிற்பான். உரியவன் ஆத்திரத்தில் தன் பொருளைத் திரும்ப எடுத்தால், சட்டத்தின் கண்ணில் அவனே திருடன்! உடனே கள்வன் அவனை நியாயப்படி சுடலாம். 2012 டிசம்பரில் குற்றச் சட்டத்தைத் திருத்தும் வரை இதை ஒரு தொழிலாகவே செய்தவர்கள் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு வரை, கொள்ளையடிக்கப்போய்க் கான்கார்டிடம் கப்பலை இழந்தவனுக்கு இன்சூரன்ஸ் பணமும் கிடைத்துக்கொண்டிருந்தது. வழிப்பறிக்குப் போனவன் கத்தி முறிந்ததற்கு நஷ்டஈடு! 2011 நவம்பரில்தான் நிறுத்தினார்கள். சட்டம் செய்தவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை. 2007இல் பொருளாதார டாக்டர் பட்டம் பெற்ற ஒருவரையே சம்பளத்துக்கு வைத்தவர்கள். மனிதன் நுழையும் சந்து எது என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

இனி முக்கியக் கேள்விக்கு வருகிறேன். விளையாட்டில் அடித்த கொள்ளை கொள்ளையா?

பேரன் கட்சி இது: "தாத்தா, துறையை விட்டுக் கப்பலைக் கிளப்பினாலே சண்டைக்குச் சம்மதம்னு அர்த்தம். இழக்க முடியாததை ஓட்டாதேன்னுதான் முதல் நாளே சொல்லித் தருவாங்க." இந்த வாதத்தில் பலம் இருக்கிறது. கபடியில் காலைப் பிடித்து இழுத்தவனை யாரும் அடிதடி வழக்கில் சேர்ப்பதில்லை. வெட்சித் திணையில் ஆநிரை கவர்தலைத் தொல்காப்பியர் போரின் தொடக்கமாகவே வைத்தார். வேந்தன் ஏவலும் எதிர்த்து மீட்கும் கரந்தையும் அதற்கு உண்டு. இரு தரப்பும் அறிந்த முறை இருந்தால் கவர்தல் வேறு, களவு வேறு.

ஆனால் "பொய்க் கப்பல்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது அவன் நண்பர்கள் சொல்லும் இன்னொரு வாதம். அதை நான் ஏற்கமாட்டேன். யசோதர காவியம் படித்தவர் எவரும் ஏற்கமாட்டார். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான அந்நூலில், யசோதர மன்னன் உயிர்ப்பலிக்கு மறுத்து, தாய் சந்திரமதியின் வற்புறுத்தலுக்காக மாவினால் செய்த கோழியைத் தேவிக்குப் பலியிடுகிறான். உயிரே இல்லாத கோழி. ஆனாலும் கொன்றேன் என்ற எண்ணம் இருந்ததே! அந்த வினை தாயையும் மகனையும் மயிலாகவும் நாயாகவும் பல விலங்குப் பிறவிகளில் துரத்துகிறது. பள்ளியில் படித்தபோது இக்கதை எனக்கு மிகையாகப் பட்டது. மாக்கோழிக்கு இத்தனை தண்டனையா என்று என் ஆசிரியரிடம் சண்டை போட்டிருக்கிறேன். திரையில் வெடித்த கப்பலைப் பார்த்துப் பேரன் முகம் வாடிய அன்றைக்குத்தான் காவியம் செய்தவர் எதைப் பற்றிப் பேசினார் என்று உறைத்தது. கோழி பொய், ஓங்கிய கையும் அதை ஓங்க வைத்த மனமும் நிஜம்.

அப்படியானால் வழிமறிக்கும் கப்பற்கள்வர் அனைவரும் பாவிகளா? அங்கேதான் கலித்தொகை உதவுகிறது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாட்டொன்றில் இரக்கமற்ற மறவர் வருகிறார்கள். வழிப்போக்கரிடம் பறிக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும், அவர்கள் துடிப்பதைக் காண்பதற்காகவே தொடர்ந்து உயிரை வாங்குகிறவர்கள். பொருளுக்காக அடிப்பவனையும் துடிப்புக்காக அடிப்பவனையும் ஒரு வரியில் பிரித்துவிட்டார் புலவர். ஈவில் இருவருமே உண்டு. ஒரு சாரார் பிணைப்பணம் கேட்பார்கள். கொடுத்தால் சொன்ன சொல்படி விட்டுவிடுவார்கள். வாங்கிக்கொண்டும் சுட்டால் பெயர் கெட்டு அடுத்தவன் கொடுக்கமாட்டான் என்ற தொழில் நாணயம். நம் தென்மாவட்டங்களில் களவுபோன மாட்டைத் திருப்பித் தர வாங்கிய துப்புக்கூலிக்கும் இதே நாணயம்தான் முதல். இன்னொரு சாரார் இழந்தவன் புலம்புவதைச் சேகரிப்பார்கள். 'கண்ணீர்' என்றே அதற்குப் பெயர் வைத்து, ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வார்களாம். 2012இல் கிளம்பிய ஒரு கூட்டம், காவல் நாட்டில் சுரங்கம் வெட்டுபவர்கள் ஆண்டுக்கு ஒரு கோடி இஸ்க் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சுடுவோம் என்றது. 'இஸ்க்' அந்த உலகின் நாணயம். ஆள் இல்லாமல் இயந்திரத்தை ஓட விடுபவர்களைத் திருத்துகிறோம் என்பது அவர்கள் சொன்ன நியாயம். அவர்கள் எந்தச் சாரார் என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. பேரன் அவர்களைத் திட்டுகிறான். தூங்கிக்கொண்டே சம்பாதிப்பவனைக் கண்டால் எனக்கும் பிடிக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஏமாற்று வியாபாரம் இதைவிடச் சிக்கல். ஜிடா என்பது அந்த உலகத்தின் சிக்பேட்டை. அங்கே ஒப்பந்த விலையில் ஒரு சைபரைக் கூட்டிப் போடுவதும், ஒரே சாயலில் உள்ள மலிவுக் கப்பலை விலையுயர்ந்ததைப் போலக் காட்டுவதும், "பணம் போடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்பதும் அன்றாடம். நிறுவனம் தடுப்பதில்லை. 2005இல் ஒரு கூலிக் கும்பல், எதிரிக் குழுமத்துக்குள் ஏறக்குறைய ஓராண்டு நல்லவர்களாக நடித்து நுழைந்து, தலைவியின் கப்பலை அழித்துக் கிடங்குகளைக் காலி செய்தது. அன்றைய மதிப்பில் 16,500 அமெரிக்க டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. சட்டப்படி குற்றமில்லை. பலர் அதை வீரகாவியமாகவே கொண்டாடினார்கள். அதிசாரப் பட்டியலில் அளவைக் குறைப்பையும் போலியையும் படித்து வளர்ந்த எனக்கு இது கசக்கிறது. வழியில் நின்று அடிப்பவன் தன்னைக் கள்வன் என்று காட்டிக்கொண்டு அடிக்கிறான். கூடவே உண்டு உறங்கி அடிப்பவன் பறிப்பது சரக்கை மட்டுமன்று. அடுத்து வரும் நேர்மையான புதியவனையும் யாரும் நம்பாதபடி செய்துவிடுகிறான்.

2009இல் ஈபேங்க் என்ற வங்கியின் கதை வந்தது. விளையாடுபவர்களே விளையாட்டுக்குள் நடத்திய வங்கி அது. தலைவராக இருந்த ஆஸ்திரேலியர் 20,000 கோடி இஸ்க்கை எடுத்து, வெளியே ஏறக்குறைய 6,300 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றுவிட்டார். வீட்டு முன்பணத்துக்கும் மகனின் மருத்துவச் செலவுக்கும் என்றார். ஏலச்சீட்டுப் போட்டு இழந்த குடும்பம் நம்மில் எத்தனை! ஆகவே தண்டித்தார்களா என்று ஆவலோடு கேட்டேன். தண்டித்தார்கள், ஆனால் பணம் போட்டவர்களை ஏமாற்றியதற்காக அல்ல. விளையாட்டுப் பணத்தை நிஜப் பணத்துக்கு விற்றதற்காக! உள்ளே திருடலாம், வேலியைத் தாண்டக் கூடாது. அரசின் தடையை மீறுதல் என்ற மூன்றாவது அதிசாரம் மட்டும் அங்கே பெருங்குற்றம். முதலில் எரிச்சல் வந்தது. யோசித்தால் அதிலும் ஒரு நியாயம் தெரிகிறது. வேலி இருக்கும் வரைதான் அது விளையாட்டு. வேலி போனால் என் முப்பத்தெட்டு மூட்டைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

வேலி கட்டியவனே வேலியைத் தாண்டிய கதையும் உண்டு. நிறுவன ஊழியர் ஒருவர் தாம் சேர்ந்திருந்த கூட்டணிக்காக விலைமதிப்பற்ற கப்பல் வரைபடங்களை முறைகேடாக எடுத்துக்கொண்டது 2007இல் அம்பலமானது. கொள்ளையையும் துரோகத்தையும் சிரித்துக்கொண்டே தாங்கிய மக்கள் இதைத் தாங்கவில்லை. எத்தனை கள்வர் இருந்தாலும் துலாக்கோல் பிடிப்பவன் கள்வனாகக் கூடாது. மதுரையில் பாண்டியன் விழுந்ததும் அதனால்தானே? அடுத்த ஆண்டே, 2008இல், விளையாடுபவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம் ஒன்றை நிறுவினார்கள். உத்தரமேரூரைப் பற்றிப் பெருமை பேசும் நாம் இதையும் கவனிக்கலாம்.

2014இல் நடந்ததைத்தான் நான் இந்த நூலின் உச்சக் காட்சி என்பேன். பணம் இரட்டிப்பு வித்தைக்காரர் ஒருவர், எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களைக் குரல்வழி உரையாடலுக்கு அழைத்து, நாங்கள் சொல்வதைப் பாடு, படி, அனைத்தும் திரும்பக் கிடைக்கும் என்று நம்ப வைத்து, நெடுநேரம் ஆட்டிவைத்து, அதைப் பதிவும் செய்துவந்தார். பறிக்க இனி ஒன்றுமில்லை. துடிப்பதைப் பார்ப்பது மட்டுமே பாக்கி. பெருங்கடுங்கோ காட்டிய அதே காட்சி! அந்தப் பதிவு வெளியே பரவியதும் விளையாடுபவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். "இதுவும் விளையாட்டுதான், அவன்தானே வந்தான்" என்றது ஒரு பக்கம். கடைசியில் நிறுவனம், ஆளையே வதைப்பது வெளியில் நடந்தாலும் எங்கள் விதிக்கு உட்பட்டதே என்று அறிவித்தது, அவர் வெளியேற்றப்பட்டார். கப்பலுக்குக் கொடுத்த சம்மதம் மனிதனுக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது என்று கண்டுபிடிக்க அவர்களுக்குப் பதினோராண்டு ஆகியிருக்கிறது.

அடிபடுபவர் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2014இல் வெளிவந்த 'எலீட் டேஞ்சரஸ்' விளையாட்டில், தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு தப்புகிறவர்கள் உண்டு. அதை முறைகேடு என்றே அந்நிறுவனம் வைத்திருக்கிறது. தாயத்தில் காய் வெட்டுப்படும்போது பலகையைக் கவிழ்க்கும் குழந்தை நினைவுக்கு வருகிறது. (பெங்களூரில் மெய்யாகவே கரண்ட் போனால் யார் நம்புவார்கள் என்பது தனிக் கேள்வி.) தனியாகவும் விளையாடலாம் என்று அதில் வழி வைத்திருக்கும்போது, திறந்த வெளிக்கு வந்துவிட்டு ஓடுவது வியாபாரிக்கு அழகில்லை. நம் நாட்டவர் ஒருவர் 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த துப்பாக்கிச் சண்டை விளையாட்டுப் போட்டியில், குறி தவறாமல் சுட உதவும் கள்ள நிரலை 'வேர்ட்' என்று பெயரிட்டு ஒளித்து வைத்துப் பிடிபட்டார். முழு அணியும் வெளியேற்றப்பட்டது. போலியைக் கலந்து விற்றல் என்று பெரியோர் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. விண்வெளிக் கள்வன் குறைந்தபட்சம் தன் கையால் சுடுகிறான்.

பெற்றோர்கள் இதையெல்லாம் ரம்மியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடுப்பது பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் விளையாட்டுகளை. நம் பிள்ளைகள் எதை விளையாடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திட்டுவது நல்லது.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். அவனை அடித்த கும்பலில் ஒருவன் மறுநாள் கடிதம் போட்டிருந்தான். கேலி இருக்கும் என்று நினைத்தேன். "உன் சரக்கு எங்கள் கப்பல்களின் விலையைப்போல் எட்டு மடங்கு. அதனால் அடித்தோம். பாதியாகப் பிரித்து, முன்னால் ஒரு வேவுக் கப்பலை விடு" என்று எழுதியிருந்தான். அதை வாசித்த பின் பேரனுக்கு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைப் பற்றிச் சொன்னேன். இந்தக் கர்நாடகத்து ஐஹொளெயில் பெயர் பெற்று, தமிழகம், ஈழம், கடல் கடந்த நாடுகள் வரை சாத்து நடத்தியவர்கள். தங்கள் உயிரைக் காத்த வீரர்களுக்காக எறிவீரப்பட்டணம் என்று ஊருக்கே பெயர் வைத்துக் கல்வெட்டில் பொறித்தவர்கள். "அந்தக் காலத்துலேயே எஸ்கார்ட்டா?" என்றான். இப்போது ஒரு குழுமத்தில் சேர்ந்திருக்கிறான். உகாதிக்கு முந்தின வாரம் சரக்கை நான்கு நடையாகப் பிரித்து அனுப்பினான். மூன்றாவது நடை உவெடாமாவில் போய்விட்டது. எவ்வளவு நஷ்டம் என்றேன். மூன்று நடையின் லாபத்தைக் கழித்துக் கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கில் ஒரு பிழை இருந்தது. கான்கார்ட் அழித்த கப்பல்களிலிருந்து மிதந்த சாமான்களை அவன் தோழன் பொறுக்கி வந்ததை வரவில் சேர்த்திருந்தான். அது யாருடையது என்று கேட்டேன். இன்னும் பதில் சொல்லவில்லை.